காண்டலும் காத்தலும்: குறும்பயணம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பொருள் தேடியும் போர் குறித்தும் கல்வி கருதியும் இறைவழிபாட்டின் பொருட்டும் மனிதன் தொன்றுதொட்டு ஊர்விட்டு ஊர் சென்று வந்துள்ளான். ஆயின், காண்பதன்றி வேறெந்த நோக்கமுமின்றி ஓரிடத்துக்குச் சென்று மீள்வது பெருந்தொகையான மக்களின் வழக்கமாகியது அண்மைக் காலத்திலேயாம். காண்பது தீங்கற்ற செயல் என்பது பொதுவான எண்ணம். உண்பவன் ஒன்றை அழித்து உண்கிறான். கட்டுபவன் ஒன்றை வெட்டிக் கட்டுகிறான். காண்பவனோ கண்ட பொருளை அவ்விடத்திலேயே விட்டு வருகிறான். அவனிடம் குற்றம் காண யாதுளது என வினவப்படலாம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும், காண்பதற்கு மனிதனுக்குள்ள உரிமை எத்தகையது என்பதும் ஆராயத்தக்கன. பெரிய கோட்பாடுகளிலிருந்து தொடங்குவதிலும், கைக்கெட்டும் தூரத்திலுள்ள சிறிய எடுத்துக்காட்டொன்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

அக்கரைப்பற்றில் மாணவர் சிலர் கூடி இரண்டு நாட் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்ளலாம். வாடகைக்கு அமர்த்திய வான் ஒன்று, விரித்து வைத்த படம் ஒன்று, கையில் எண்ணி வைத்த பணம் ஒரு சிறிது. இவையே அவர்களது மூலதனம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பும் நெடுஞ்சாலை அக்கரைப்பற்றையும் கல்முனையையும் ஊடறுத்து மட்டக்களப்புக்குச் செல்கிறது. அதே சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்னும் ஊர்களைக் கடந்து பொத்துவிலை அடையலாம். பொத்துவிலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் லகுகலை உள்ளது. தெற்கே அறுகங்குடாவையும் பாணமையையும் தாண்டி உகந்தையை அடைந்தால் அங்கே குமண தேசியப் பூங்காவின் வாயில் எதிர்ப்படும். வேறு திசையில் அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குச் சென்றால் கல்லோயாத் தேசியப் பூங்காவும் சேனநாயக்க சமுத்திரமும் உள்ளன. மூன்று பூங்காக்கள், இரண்டு நாட்கள். மூன்றையும் பார்த்துவிடலாம் என்பதே அத்தகைய கூட்டத்தில் முதலில் எழும் குரலாக இருக்கும்.

மூன்றும் ஒன்றுபோல்வன அல்ல. லகுகலை 1966 இல் சரணாலயமாகவும் 1980 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 1,554 ஹெக்டெயர் பரப்பே கொண்ட அது நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்றாகும். அதன் குளங்களில் அடர்ந்து வளரும் 'பேரு' என்னும் புல்லை நாடி, கோடையில் நீரும் மேய்ச்சலும் குன்றும் வேளையில் யானைகள் திரண்டு வரும். குமண 35,664 ஹெக்டெயர் பரப்புடையது. 1970 இல் யால கிழக்குத் தேசியப் பூங்கா எனப் பெயர் பெற்ற அது 2006 இல் குமண எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஏறத்தாழ 200 ஹெக்டெயர் பரப்புடைய அதன் வில்லுச் சதுப்பில், கண்டல் மரங்களின் மேல், நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கல்லோயாவோ 1954 இல், நீர்த்தேக்கம் ஒன்றின் நீரேந்து பரப்பைக் காப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட பூங்காவாகும். முதலாவதன் சிறப்பு யானையில், இரண்டாவதன் சிறப்பு பறவையில், மூன்றாவதன் சிறப்பு நீரில் தங்கியுள்ளது. ஒவ்வொன்றும் தனக்குரிய பருவத்தையும் தனக்குரிய பொறுமையையும் வேண்டி நிற்கிறது.

இங்கேதான் முதலாவது அறவியல் வினா எழுகிறது. இரண்டு நாட்களுள் மூன்று பூங்காக்களையும் பார்க்க முனைபவன் உண்மையில் எதனைப் பார்க்கிறான்? சாலையையும் கடிகாரத்தையும் பார்க்கிறான் என்பதே நேரிய விடையாகும். யானை நீருக்கு இறங்கும் நேரத்தை யானையே தீர்மானிக்கிறது. கூட்டிலிருக்கும் பறவை வருவோரின் நேர அட்டவணையை அறியாது. அவற்றின் காலத்துக்குத் தன் காலத்தை அடக்கிக்கொள்ள மறுப்பவன், தன் காலத்துக்கு அவற்றை அடக்கவே முயல்வான். வண்டியை விரைந்து ஓட்டச் சொல்வதும், ஒரு யானையைச் சுற்றி வண்டிகள் வளைத்து நிற்பதும், உறங்கும் விலங்கை ஓசையெழுப்பி எழுப்புவதும் கொடுமனத்தின் விளைவுகள் அல்ல. பெரும்பாலும் அவசரத்தின் விளைவுகளாம். தீமை செய்ய எண்ணாத பலரும் சேர்ந்து தீமை செய்துவிடக் காரணமாவது திட்டத்தில் நேர்ந்த பிழையே. ஆதலின் பயணத்தைத் திட்டமிடுதல் என்பது வசதி பற்றிய செயல் மட்டுமன்று, அறம் பற்றிய செயலுமாகும். வாயிலைக் கடக்கும் முன்னரே, படத்தின் மேல் விரல் வைத்த அந்தக் கணத்திலேயே, பயணியின் நடத்தையிற் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இதனை உலகின் மறுகோடியிலிருந்தும் விளக்கலாம். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் ஆறுகள் பாறையை அறுத்து ஆக்கிய ஆழ்பள்ளத்தாக்குகள் பல தேசியப் பூங்காக்களாக உள்ளன. கிராண்ட் கன்யன், சயன் ஆகிய இரண்டும் 1919 இல் அந்நிலையைப் பெற்றன. அடுத்தடுத்து அமைந்த அப்பூங்காக்களைச் சில நாட்களுள் வாகனத்தில் சுற்றி வருவது அந்நாட்டவர்க்குப் பெரிதும் விருப்பமான விடுமுறைப் பயணமாகும். அவற்றுள் ஒன்றான ஆர்ச்சஸில் 1950 களில் காவலராகப் பணியாற்றிய எட்வர்ட் அபி, 1968 இல் வெளியிட்ட நூலில், பூங்காக்களுள் மோட்டார் வண்டிகளை அனுமதிக்கலாகாது என வாதிட்டார். அன்று அது ஒரு தனிமனிதரின் பிடிவாதமாகவே பலருக்குத் தோன்றியிருக்கும். ஆயின் 2000 ஆம் ஆண்டில் சயன் பூங்கா, சனம் மிகும் பருவத்தில் தன் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் வண்டிகளை நிறுத்திப் பொதுப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. பாலைநிலத்து மண்ணின் மேல் நுண்ணுயிர்களாலும் பாசிகளாலும் ஆன மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருக்கிறது. அதுவே மண்ணைக் காற்றில் பறக்காது பிடித்து வைத்திருப்பது. ஒரு காலடி அதனை உடைத்துவிடும். உடைந்தது மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். காண்பவன் எதையும் எடுத்துச் செல்வதில்லை என்னும் வாதம் அந்த மண்ணின் முன் நிலைகுலைந்து போகிறது. அவன் எடுத்துச் செல்லவில்லை என்பது மெய். ஆயின் விட்டுச் சென்றது ஓர் ஊறு.

பாலை என்னும் சொல்லைத் தமிழ் மரபு பயன்படுத்திய முறையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் வகுத்தார். பாலைக்குத் தனிநிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பை இழக்கும்போது கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கமாகும். பாலை என்பது ஓர் இடமன்று, ஒரு நிலைமை. எந்த நிலமும் அந்நிலைமையை எய்தக்கூடும். அமெரிக்கப் பள்ளத்தாக்குகள் இயற்கையே ஆக்கிய பாலை. தமக்கேயுரிய செடியும் உயிரும் உடையவை. தமிழ் மரபு கூறும் பாலையோ இழப்பினால் ஆவது. பயணிகள் மிகுந்து சீர்குலையும் காடு இவ்விரண்டாவது வகைப் பாலையை நோக்கியே நகர்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது வினா, காட்சிக்குரிய இடம் எவருடையது என்பதாகும். தேசியப் பூங்கா நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது எனச் சட்டமும் பொதுமக்கள் வழக்கும் ஒருங்கே கூறுகின்றன. ஆயின் 'அனைவருக்கும்' என்ற சொல், முன்பு அங்கு இருந்த சிலரை மறைத்துவிடவும் வல்லது. கிராண்ட் கன்யன் பகுதியில் வாழ்ந்த ஹவசுப்பாய் மக்கள் 1882 இல் 518 ஏக்கர் நிலத்துள் ஒதுக்கப்பட்டனர். அவர்தம் பழைய நிலத்தின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 185,000 ஏக்கர் 1975 இலேயே அவர்களுக்கு மீட்டளிக்கப்பட்டது. இலங்கையிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் எழுந்த நீர்ப்பரப்பின் கீழ் வேடர் குடிகளின் வேட்டைநிலங்கள் மறைந்தன. 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனமானபோது தம்பானை வேடர் தம் காட்டின் மேலிருந்த உரிமையை இழந்தனர். ஒருவன் தன் காட்டுக்குள் வேட்டைக்காக நுழைந்தால் குற்றவாளி. மற்றொருவன் சீட்டு வாங்கி நுழைந்தால் விருந்தினன். இம்முரண்பாட்டை உணராது காட்டின் அழகை மட்டும் வியப்பவன், ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு வீட்டுக்காரனை மறந்தவனாவான்.

அக்கரைப்பற்றைச் சேர்ந்தவனுக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பொன்றும் உண்டு. பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவின் நீர் கரையோர வயல்களை நனைக்கிறது. அந்நீர் தேங்கும் சமுத்திரத்தைத் தூர்ந்து போகாது காப்பது கல்லோயாப் பூங்காவின் காடே. ஆகவே அவ்வூரவன் காட்டைக் காணப் புறப்படுமுன்னரே காட்டோடு உறவுடையவனாகிவிடுகிறான்; அவன் உண்ட சோற்றில் அக்காட்டின் பங்கும், அந்நீரின் கீழ் மறைந்த வேட்டைநிலத்தின் பங்கும் கலந்துள்ளன. அவன் அங்கு வெறும் பார்வையாளனாகச் செல்லவில்லை, கடன்பட்டவனாகச் செல்கிறான். கடன்பட்டவன் கொடுத்தவன் வீட்டு வாயிலில் நிற்கும் முறை, கடைத்தெருவில் வேடிக்கை பார்ப்பவன் நிற்கும் முறையன்று.

அவ்வாறாயின் காடு முற்றாக மூடப்பட வேண்டுமா? இவ்வினாவுக்கு விடைகாணக் குமணையின் வரலாறே உதவுகிறது. போர்ச் சூழல் காரணமாக அப்பூங்கா 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் பயணிகள் எவரும் அதனைக் கண்டிலர். காணப்படாமையால் வில்லின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பறவை கூடு கட்டுவது காண்போர் பொருட்டன்று. மனிதன் காண்பதனாலேயே இயற்கை பொருள் பெறுகிறது என்னும் தற்பெருமைக்கு அவ்வாண்டுகள் தக்க மறுப்பாகும். எனினும் அதிலிருந்து காணாமையே காத்தல் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. மக்கள் அறியாத காடு அழியும்போது அதற்காகப் பேச எவரும் இரார். அல்டோ லியோபோல்ட் 1949 இல் வெளியான தம் நூலில், மனிதன் நிலத்தை வென்ற தலைவனல்லன், மண்ணும் நீரும் செடியும் விலங்கும் அடங்கிய சமூகத்தில் ஓர் உறுப்பினனே என்ற கருத்தை முன்வைத்தார். உறுப்பினன் தன் சமூகத்தாரை அறியாதிருத்தல் இயலாது; அறிவதற்குக் காணுதல் வேண்டும். எனவே வினா காண்பதா காணாதிருப்பதா என்பதன்று. எவ்வாறு காண்பது என்பதேயாம்.

இவ்வினாவுக்குக் கிழக்குக் கரையின் மரபுகள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆடி மாதக் கதிர்காம விழாவை முன்னிட்டு வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாக வரும் அடியார்கள் உகந்தை முருகன் ஆலயத்திற் கூடி, காட்டுப்பாதை திறக்கப்படும்வரை காத்திருந்து, குமணையினூடாகக் கும்புக்கன் ஓயாவைக் கடந்து பல நாட்கள் நடந்து செல்கின்றனர். அவர்கள் அக்காட்டைக் காண்பதற்காகச் செல்பவர்கள் அல்லர். ஆயினும் வண்டியிற் செல்பவனைவிட நெருக்கமாக அதனை அறிகின்றனர். காத்திருத்தலும் நடத்தலும் குறைவாகச் சுமத்தலும் அவர்கள் பயணத்தின் ஒழுங்காகும். அவ்வழியிலும் இன்று தொகை மிகுதலால் கழிவும் மிகுகிறது என்பது உண்மையே. எனினும் அது ஒழுங்கின் குறையன்று, ஒழுங்கை மறந்ததன் குறை.

இஸ்லாமிய மரபும் இத்தகைய கட்டுப்பாட்டை நன்கு அறிந்ததே. பூமியிற் பயணம் செய்து முன்னோரின் முடிவை நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. அங்கே பயணம் படிப்பினைக்கான வழியாகக் கொள்ளப்படுகிறது, வேடிக்கைக்காக அன்று. அதே மரபில் ஹஜ்ஜுக்காக இஹ்ராம் அணிந்தவன் தரைவாழ் விலங்குகளை வேட்டையாடலாகாது. அறிந்தே கொன்றவன் அதற்கு ஈடு செலுத்த வேண்டும். மக்காவின் புனித எல்லைக்குள் மரம் வெட்டலும் விலங்குகளை விரட்டலும் விலக்கப்பட்டுள்ளன. மிக உயர்ந்த பயணத்தை மேற்கொள்பவன் மீதே மிகக் கடுமையான கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பயணம் உரிமையை விரிப்பதன்று. கடமையை விரிப்பது என்பதே அதன் உட்பொருள் எனலாம்.

பழந்தமிழ் இலக்கியத்து ஆற்றுப்படைகளும் ஒருவகையில் பயணத் திட்டங்களே. பரிசில் பெற்று மீள்பவன் பெறச் செல்பவனுக்கு வழி கூறுகிறான். மலைபடுகடாம் வழியின் இன்பத்தை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கென அமைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என இடர்களையும் அது ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. அங்கே காடு வெற்றிடமன்று. உழைத்து வாழும் மனிதரும் தம் வழிச் செல்லும் விலங்கும் நிறைந்த இடம். வழிப்போக்கன் அவர்களது வேலையிடத்தில் பணிந்து நடக்க வேண்டியவன். வழி சொல்பவன் அறிந்திருந்த இவ்வுண்மை, தூரத்தையும் விடுதியையும் மட்டும் குறிக்கும் இன்றைய வழிகாட்டிக் குறிப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கட்டுப்பாடு என்பது ஈற்றில் எளியோரையே வெளியே நிறுத்தும். பணமுள்ளவன் எவ்வாறேனும் உள்ளே செல்வான் என்பது அத்தடை. இதில் நியாயம் உண்டு. இடம் சிறிது, வேண்டுவோர் பலர் என்ற நிலையில் மூன்று வழிகளே உள்ளன: விலை, வரிசை, குலுக்கல். விலை வைத்தால் செல்வமுடையோர்க்கு இடம். வரிசை வைத்தால் ஓய்வுடையோர்க்கு இடம். குலுக்கல் ஒன்றே எவர் முகத்தையும் நோக்காதது. சயன் பூங்காவின் இடுக்கான முகட்டுப் பாதை ஒன்றுக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்கப்படுவது இக்கருத்தின் நடைமுறை வடிவமாகும். ஆயின் எம்முறையைக் கையாண்டாலும், வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு மனத்தின் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது. மூன்று பூங்காக்களுள் இரண்டை இம்முறை விட்டுவிட எவருடைய ஆணையும் தேவையில்லை. அது செல்வரும் வறியரும் ஒருங்கே செய்யக்கூடிய துறவு. மேலும், ஓரிடத்தில் இரண்டு நாட்கள் தங்குபவன் அவ்வூர் வழிகாட்டிக்கும் வண்டியோட்டிக்கும் உணவளிப்பவர்க்கும் தருவது, மூன்றிடங்களை ஓடிக் கடப்பவன் தருவதிலும் மிகுதியாதல் கூடும்.

இனி, எல்லாவற்றினும் கடினமான வினா எஞ்சியுள்ளது. அதற்குக் காடு வரை செல்ல வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் அயலிலுள்ள பல ஊர்களின் குப்பை திறந்த வெளியிற் கொட்டப்பட்டு வந்தது. உணவு நாடி அங்கு வந்த யானைகள் பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்வாறு மடிந்தன என 2022 சனவரியில் செய்திகள் வெளியாயின. இறந்த யானையின் வயிற்றிற் காணப்பட்டவை எந்த வீட்டின் பைகள் என எவராலும் கூற முடியாது. எந்த வீட்டினதும் அல்ல எனவும் எவராலும் கூற முடியாது. யானையைக் காண்பதற்காக நெடுந்தூரம் செல்பவன், தன் அடுக்களையிலிருந்து நாளும் புறப்பட்டுச் சென்ற அந்தக் குறும்பயணத்தை அறியாதிருக்கிறான். லகுகலையிற் கண்ட யானையின் ஒளிப்படத்தை அவன் பேணி வைப்பான். பள்ளக்காட்டில் வீழ்ந்த யானையை அவன் பார்க்கவில்லை. காணுதல் அன்பாகும் என்றால், காணாதிருக்கத் தெரிந்தெடுத்தல் எதுவாகும்? வாயிலினுள்ளே மௌனம் காத்து, வாயிலுக்கு வெளியே எறிந்து வாழ்பவனின் அறம் சீட்டின் காலத்தோடு முடிந்துவிடும் அறமாகும்.

எனவே அக்கரைப்பற்று மாணவர் விரித்து வைத்த படத்தின் மேல் இட வேண்டிய கோடுகள் சில உள. மூன்று இடங்களுள் ஒன்றைத் தெரிதல். அதன் பருவத்தை அறிந்து செல்லுதல். அங்கு முன்பு வாழ்ந்தோர் எவர், இன்று அதன் விளிம்பில் வயல் காப்போர் எவர் எனக் கேட்டறிதல். கொண்டு சென்ற பையைத் திரும்பக் கொண்டு வருதல். கொண்டு வந்த பை ஊரில் எங்கு போய்ச் சேர்கிறது எனப் பின்தொடர்தல். இவற்றுள் முதல் நான்கும் இரண்டு நாட்களில் முடிந்துவிடும். ஐந்தாவது முடியாது. பயணத்தின் மெய்யான தூரம் அங்கேதான் தொடங்குகிறது.

காண்டல் என்பது கண்ணின் தொழில் மட்டுமாயின் ஒளிப்படமே அதற்குப் போதும். அது அறிவின் தொழிலுமாயின், கண்டதன் பொருட்டுத் தன் வாழ்வில் ஒன்றையேனும் மாற்றிக்கொள்ளாதவன் இன்னும் காணவில்லை என்றே கொள்ளல் வேண்டும். நிலம் தன் இயல்பை இழந்து பாலையாவது கோடையினால் மட்டுமன்று. உகந்தைக்கு அப்பாலுள்ள வில்லில் பறவைகள் இவ்வாண்டும் கூடு கட்டும். கோடையில் லகுகலைக் குளத்துக்கு யானைகள் இறங்கும். அவற்றைக் காணச் செல்பவர் வீடு திரும்பிக் குப்பைக் கூடையைத் திறக்கும் வேளையில், அவர் கண்டது யாது என்பது தெரிந்துவிடும்.